படத்தில் நிற்கும் கப்பல் எது?

1815 அக்டோபர் 23ஆம் திகதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூபரிபோர்ட் துறையிலிருந்து ‘ட்ரையட்’ என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. ஐந்து மாதம் கடலில் கிடந்து 1816 மார்ச் 22இல் கொழும்பை அடைந்தது. அதில் வந்த மிஷனரிமாரில் ஒருவரான டானியல் பூவர் அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்து தங்கினார். அங்குள்ள யூனியன் கல்லூரியின் வரலாறு அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணப்படுகிறது. தெல்லிப்பழையைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் அந்தக் கப்பலை ஒருமுறையாவது படத்தில் பார்க்க ஆசை வரும். பார்க்க முடியாது. டாகர் என்பவரின் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ட்ரையட் கொழும்பில் நங்கூரம் போட்ட நாளில் ஒரு கப்பலைப் படம்பிடிக்க யாரிடமும் கருவி இருக்கவில்லை. ‘ட்ரையட், 1816’ என்று தலைப்பிட்ட புகைப்படம் எங்கேனும் கண்ணில் பட்டால், அது வேறு கப்பல் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

பழைய படங்களிலும் படத் தபாலட்டைகளிலும் நிற்கும் கப்பல்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பவர்கள் வேலை தொடங்குவது இப்படித்தான். இது எந்தக் கப்பல் என்று முதலில் கேட்பதில்லை. எதுவாக இருக்கவே முடியாது என்று கேட்கிறார்கள். காலம் பொருந்தாதவை, இடம் பொருந்தாதவை, உருவம் பொருந்தாதவை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கக் கழிக்க, ஆயிரம் கப்பல்கள் பத்தாகும், பத்து இரண்டாகும். கடைசி இரண்டையும் பிரிப்பதுதான் கடினம். சில வேளை ஒரு சன்னல்தான் அதைச் செய்து தருகிறது.

ட்ரையட் வந்து 122 ஆண்டுகள் கழித்து, எதிர்த்திசையில் இன்னொரு பாய்க்கப்பல் போனது. வல்வெட்டித்துறையில் நம்மவர் கைகளால் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’. உலகைப் பாய்மரப் படகில் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கினார். 89 அடி நீளமான அந்தக் கப்பல், தண்டையல் தம்பிப்பிள்ளையோடு வல்வெட்டித்துறைக் கடலோடிகளை ஏற்றிக்கொண்டு 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்துக்குள் நுழைந்தது. நியூபரிபோர்ட்டும் குளொஸ்டரும் ஒரே எசெக்ஸ் மாவட்டத்துக் கரையில்தான் இருக்கின்றன. இந்தத் தடவை கரையில் கமெராக்கள் காத்திருந்தன. படங்கள் எடுக்கப்பட்டன, பத்திரிகைகள் எழுதின.

ஆனால் அந்தப் படங்களைத் தேடுகிறவர் ‘அன்னபூரணி’ என்று தேடினால் வெறுங்கையோடு திரும்பக்கூடும். ராபின்சன் கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டி ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கியிருந்தார். அமெரிக்கக் கரையில் அதற்கு அந்தப் பெயர்தான். கப்பல்களுக்குப் பெயர் மாறுவது மிகச் சாதாரணமான காரியம். உடைமையாளர் மாறினால் பெயர் மாறும், கொடி மாறினால் பெயர் மாறும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பிரித்தானியர் 1855 முதல் பதிவுசெய்த ஒவ்வொரு வணிகக் கப்பலுக்கும் ஓர் அரச இலக்கம் கொடுத்தார்கள். பிரித்தானியப் பதிவில் இருக்கும்வரை பெயர் எத்தனை தடவை மாறினாலும் இலக்கம் மாறாது. இன்று அந்த இடத்தில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் இருக்கிறது.

அன்னபூரணியைப் பற்றி எழுதியவர்களில் சிலர் அதை ‘பிரிக்’ என்றும் சிலர் ‘பிரிகன்டைன்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பல்கள்தான், ஆனால் ஒன்றல்ல. பாய்க்கப்பலை இனம்பிரிக்க முதலில் மரங்களை எண்ண வேண்டும். பிறகு ஒவ்வொரு மரத்திலும் பாய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மரத்துக்குக் குறுக்கே நீண்ட தடிகளைக் கட்டி அவற்றிலிருந்து தொங்கும் சதுரப்பாய் ஒரு வகை. கப்பலின் நீளவாக்கில் விரியும் பாய் இன்னொரு வகை. இரண்டு மரங்களிலும் சதுரப்பாய் என்றால் பிரிக். முன்மரத்தில் மட்டும் சதுரப்பாய், பின்மரத்தின் பெரும்பாய் நீளவாக்கில் என்றால் பிரிகன்டைன். இரண்டிலும் நீளவாக்குப் பாய் என்றால் ஸ்கூனர். மூன்று மரங்களிலும் சதுரப்பாய் இருந்தால்தான் பழைய மாலுமிகள் அதை முழுமையான ‘ஷிப்’ என்பார்கள். கடைசி மரத்தில் சதுரப்பாய் இல்லாவிட்டால் அது ‘பார்க்’. பாய் சுருட்டப்பட்டிருந்தாலும் குறுக்குத்தடிகள் படத்தில் தெரியும். எனவே குளொஸ்டர் படம் கையில் கிடைத்தால் பின்மரத்தைப் பாருங்கள். வழக்கைத் தீர்க்கும் சாட்சி அங்கேதான் நிற்கிறது.

பாய்க்கப்பல் தன் மரங்களால் பேசுகிறதென்றால் நீராவிக்கப்பல் புகைபோக்கியால் பேசுகிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பழைய அல்பங்களில் கப்பல் இருந்தால், பெரும்பாலும் அது மலாயாப் பயணத்தோடு வந்த கப்பலாகவே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்காகப் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். போன இடத்திலிருந்து தபாலட்டை வந்தது. ‘சுகமாக வந்து சேர்ந்தேன்’ என்ற வரியின் மறுபக்கத்தில் துறைமுகமும் கப்பலும். அந்தக் கடலில் அதிகம் ஓடியவை பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் கப்பல்கள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையம் இருந்தால் அது அந்தக் கம்பனி. கிளான் லைனுக்குக் கறுப்பில் இரண்டு சிவப்பு வளையம். அல்பிரட் ஹோல்ட் கம்பனிக்கு நீலப் புகைபோக்கி, மேலே கறுப்பு. பிபி லைன் கப்பலுக்கு நான்கு கம்பங்களும் இளஞ்சிவப்புப் புகைபோக்கி ஒன்றும்.

நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். அறிவியல் சுவைக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். பழைய ஒளிப்படத் தகடுகள் உலகை நம் கண்போலப் பார்த்தவை அல்ல. தகட்டில் பூசிய வெள்ளி உப்பு நீல ஒளிக்கும் ஊதா ஒளிக்கும்தான் வேகமாக மாறும். பின்னர் சாயம் சேர்த்துப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் உணர்வூட்டினார்கள். சிவப்புக்கு மட்டும் அது நெடுங்காலம் குருடாகவே இருந்தது. ஸ்டூடியோவின் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் காரணமும் இதுவே. அந்த வெளிச்சம் தகட்டைத் தொடாது. பழைய படங்களில் முகில் எதுவும் இல்லாமல் வானம் வெளிறிக் கிடப்பதற்குக் காரணமும் இதுவே. நீலவானம் தகட்டை வெள்ளை முகிலளவுக்கே தாக்கிவிடும்.

இப்போது புகைபோக்கிக்கு வருவோம். சிவப்பு அந்தத் தகட்டில் கறுப்பாகவே விழும். கிளான் லைனின் சிவப்பு வளையங்கள் கறுப்புக்குள் கரைந்து, புகைபோக்கி முழுக்கறுப்பாகத் தெரியும். ஹோல்ட் கம்பனியின் நீலம் வெளிறிச் சாம்பல் வெள்ளையாகும். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளை வளையம் மட்டும் எந்தத் தகட்டிலும் தப்பிக்கும். எனவே முழுக்கறுப்புப் புகைபோக்கி கண்டால் அது உண்மையில் கறுப்பாக இருந்திருக்கலாம், சிவப்புக் கலந்ததாகவும் இருந்திருக்கலாம் என்று இரண்டு பட்டியல்களையும் திறந்து வைக்க வேண்டும். எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டில் மெல்லப் பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

அப்படியானால் வண்ணத் தபாலட்டை உதவாதா? பெரும்பாலும் கெடுக்கும். அந்தக் காலத்து வண்ண அட்டைகள் பல கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் நிறமேற்றி அச்சிடப்பட்டவை. கொழும்பில் எடுத்த படத்துக்கு ஐரோப்பாவில் கப்பலையே காணாத ஒருவர் நிறம் கொடுத்திருப்பார். கடல் அழகாக வேண்டும், புகைபோக்கி எடுப்பாக வேண்டும் என்பதே அவர் கணக்கு. துறைமுகம் வெறுமையாகத் தெரிந்தால் வேறு படத்திலிருந்து ஒரு கப்பலை வெட்டி ஒட்டிய அட்டைகளும் உண்டு. அவற்றில் கப்பலின் நிழல் ஒரு பக்கம் விழும், கரையின் நிழல் மறுபக்கம் விழும்.

கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சடித்தால் இடம் வலமாகிவிடும். கப்பலின் முன்பின்னை வைத்து இதைப் பிடிக்க முடியாது. கரையில் நிற்கும் ஆட்களைப் பாருங்கள். பெண்களின் சேலைத் தலைப்பு எல்லாருக்கும் வலது தோளில் கிடந்தால், ஆண்களின் சட்டைப் பொத்தான் எதிர்ப்பக்கம் இருந்தால், படம் புரண்டிருக்கிறது.

புகைபோக்கிகளை எண்ணுவதிலும் ஏமாற்று உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அதன் தளபதி நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தி, தூரத்துக்கு அது ‘யார்மத்’ என்ற பிரித்தானியக் கப்பலாகத் தோன்றும்படி செய்தார். அந்தக் கோலத்தில்தான் அக்டோபர் 28 அதிகாலை பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தார் அந்த நாலாவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டு செய்தி அனுப்பினார்கள். ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியக் கப்பல் வந்து எம்டனை முடித்தது. ஒரு கப்பலை அடையாளம் காண்பது பொழுதுபோக்காக மட்டும் இல்லாமல் உயிர்ப் பிரச்சினையாக இருந்த நாட்கள் அவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1925இல் நீரில் இறக்கப்பட்ட வேறோர் எம்டனும் இருக்கிறது. அதற்குப் புகைபோக்கி இரண்டே இரண்டு. இரண்டு புகைபோக்கி எம்டனைப் போட்டுச் சென்னையைத் தாக்கிய கப்பல் என்று எழுதினால் அது பிழை.

பயணிகள் கப்பல்களிலும் வேலையில்லாத புகைபோக்கிகள் இருந்தன. பி அண்ட் ஓ கம்பனியின் ‘ஸ்ட்ராத்நேவர்’, ‘ஸ்ட்ராத்எயர்ட்’ ஆகியவை 1930களின் தொடக்கத்தில் மூன்று புகைபோக்கிகளோடு வந்தன. புகை வந்தது நடுவில் மட்டும். மற்ற இரண்டும் தோற்றத்துக்கு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்த இரண்டையும் கழற்றிவிட்டார்கள். அதனால் ஒரே கப்பல் மூன்று புகைபோக்கியோடு நின்றால் படம் போருக்கு முந்திய காலத்தையோ போர்க்காலத்தையோ சேர்ந்தது, ஒன்றோடு நின்றால் போருக்குப் பிந்தியது. கப்பலை அடையாளம் கண்ட கையோடு படத்தின் காலமும் கிடைத்துவிடுகிறது.

ஒரே வரைபடத்தில் கட்டிய சகோதரிக் கப்பல்கள்தான் அனுபவசாலிகளையும் திணறவைப்பவை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியதும் உலகமெங்கும் அதன் தபாலட்டைக்குக் கிராக்கி. டைட்டானிக்குக்குப் படங்கள் குறைவு, அதன் சகோதரி ‘ஒலிம்பிக்’குக்கு நிறைய. ஒலிம்பிக்கின் படத்தையே டைட்டானிக் என்று அச்சிட்டு விற்றார்கள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. மேலே உள்ள நடைபாதைத் தளத்தின் முன்பாதியை டைட்டானிக்கில் கண்ணாடிச் சன்னல்களால் அடைத்திருந்தார்கள். ஒலிம்பிக்கில் அது கடைசிவரை திறந்தே கிடந்தது.

நமக்கு நெருங்கிய சோடி ‘ரஜூலா’வும் ‘ரோனா’வும். இரண்டும் 1926இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பனிக்காகக் கட்டப்பட்டவை. ஒன்று கிளாஸ்கோவில் பார்க்லே கேர்ல் கட்டியது, மற்றது இங்கிலாந்தின் ஹோதோர்ன் லெஸ்லி கட்டியது. ரோனா 1943 நவம்பர் 26இல் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் வானூர்தி ஏவிய வழிநடத்தும் குண்டினால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் அதோடு போனார்கள். ரஜூலாவோ சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. எனவே போருக்குப் பிந்தியது என்று உறுதியான எந்தப் படத்திலும் ரோனாவைத் தேட வேண்டாம்.

பெயர் தெரிந்தும் தவறுகிற இடம் ஒன்றுண்டு. வ.உ.சிதம்பரம்பிள்ளையின் சுதேசிக் கம்பனி 1906இல் தொடங்கியது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடுவதற்காக அது ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களை வாங்கியது. காலியா என்று தேடினால் வேறு காலியாக்கள் அழகாக வந்து நிற்கும். கியூனார்ட் கம்பனியின் காலியா 1879இல் சேவைக்கு வந்தது. 1899இல் கனடாவில் தரைதட்டி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. பிரான்சின் மூன்று புகைபோக்கிக் காலியா 1913இல்தான் கடலுக்கு வந்தது, 1916இல் நீர்மூழ்கியால் மூழ்கியது. முதலாவது சுதேசிக் கம்பனிக்கு முன்பே செத்துவிட்டது, அடுத்தது கம்பனி நொடிந்த பிறகே பிறந்தது. இரண்டில் எதையும் சுதேசிக் கப்பல் என்று பாடநூலிலோ மேடைப் பதாகையிலோ போடக்கூடாது. அந்தக் கப்பலை ஓட்டி, பின் சிறையில் செக்கிழுத்த மனிதருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை சரியான கப்பலைக் காட்டுவது.

கப்பல் வாய்திறக்காத படங்களில் கரை பேசும். காங்கேசன்துறை வெளிச்சவீடு 1893இல் எழுந்தது. அது படத்தில் இருந்தால் அதற்குப் பிந்திய படம். சீமெந்துத் தொழிற்சாலை தெரிந்தால் 1950க்கு இப்பால். கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நட்டு 1885இல் முடித்தார்கள். மற்ற அணைகள் அடுத்த நூற்றாண்டில்தான் நிறைவடைந்தன. அணைகளை எண்ணினால் காலம் வரும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான படகுச்சேவை தொடங்கியது 1914இல். தெல்லிப்பழையில் ரயிலேறி மதவாச்சியில் மாறித் தலைமன்னார் போனவர்கள் ஏறிய கப்பல்களுக்குக் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று பெயர். பின்னர் வந்தது ‘இர்வின்’. இர்வின் பிரபு வைஸ்ராயானது 1926இல். அந்தப் பெயரைத் தாங்கிய கப்பல் அதற்கு முந்திய படத்தில் இருக்க வழியில்லை.

கப்பலின் உடலிலேயே காலத்தின் தழும்புகள் உண்டு. நிமிர்ந்த கத்திபோன்ற முன்முகம் பழையது, சரிந்து நீளும் முன்முகம் 1930களிலிருந்து பெருகியது. குறுக்குத்தடியோடு பக்கத்தில் தொங்கும் நங்கூரம் பழையது, துளைக்குள் இழுத்து ஒடுங்கும் நங்கூரம் பிந்தியது. நீரைக் கிழித்து ஓடும் கப்பல் கூர்மையாகப் பதிந்திருந்தால் அது 1880ஐ ஒட்டி உலர்தகடுகள் கடைக்கு வந்த பிறகு எடுத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கு முந்திய ஈரத்தகட்டுக்குப் பொதுவாகச் சில விநாடிகள் வேண்டும், ஓடும் கப்பல் அதில் புகைபோலக் கலைந்துவிடும்.

தபால் முத்திரையை மட்டும் நம்பக்கூடாது. அது அட்டை அனுப்பிய நாளைச் சொல்லும், படம் எடுத்த நாளைச் சொல்லாது. கொழும்பின் பிளாட்டே கம்பனி போன்ற பதிப்பாளரிடம் நல்ல நெகட்டிவ் ஒன்று இருந்தால் ஆண்டுக்கணக்கில் அதையே அச்சிட்டார்கள். அட்டையின் முதுகு அதைவிட உதவும். முகவரியும் செய்தியும் ஒரே பக்கத்தில் கோடு பிரித்து எழுதும் முறையைப் பிரித்தானியா 1902இலும் அமெரிக்கா 1907இலும்தான் அனுமதித்தன. முதுகு முழுவதும் முகவரிக்கே விடப்பட்ட அட்டை பெரும்பாலும் அதற்கு முந்தியது. காலம் ஓரளவு பிடிபட்டதும் லொயிட்ஸ் பதிவேட்டையும், கொழும்புப் பத்திரிகைகள் நாள்தோறும் வெளியிட்ட கப்பல் வரவுப் பட்டியலையும் புரட்டலாம். முத்திரையில் உள்ள நாளுக்குச் சற்று முன் எந்தக் கப்பல் துறைமுகத்தில் நின்றது என்று அங்கே இருக்கும்.

இத்தனை வழிகள் இருந்தும் வலிகாமம் வடக்கில் ஆராயப் படம் கிடைப்பதுதான் அரிது. 1990இல் போரினால் தெல்லிப்பழையின் பல பகுதிகளிலிருந்தும் காங்கேசன்துறை, மயிலிட்டிப் பக்கங்களிலிருந்தும் சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அல்பம் தூக்கிச் செல்லும் பொருளாக யாருக்கும் அன்று தோன்றியிருக்காது. பல ஆண்டுகள் கழித்துக் காணி விடுபட்டு வந்து பார்த்தபோது பல இடங்களில் வீடே இல்லை. மலாயாவிலிருந்து வந்த அட்டைகள் அப்படிப் போய்விட்டன. ஆனால் பயணம் போனவர்களின் அல்பங்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைகளின் அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. கப்பல் தளத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் பாட்டனாரின் பின்னால் தெரியும் உயிர்காப்புப் படகில் ஒரு கப்பலின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடும்.

2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ என்ற கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தது. இரண்டையும் நூற்றுக்கணக்கானோர் கைபேசியில் படமெடுத்திருப்பார்கள். அந்தப் படங்களுக்கும் இன்றே பெயரும் திகதியும் எழுதி வையுங்கள்.

பழைய படம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விளிம்பை வெட்டாதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள், கணினியில் நிறமேற்றாதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டளவில் பயணம் என்று வீட்டில் மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். அட்டை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.